மாகறல் மரத்துப் புளி

ஏலவார்குழலி சாலுக்குள் கையை விட்டாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னம் சாலின் விளிம்பில் இடித்தது. விரலுக்கு அடி தட்டுப்படவில்லை. புளிதான் தட்டுப்பட்டது.

பங்குனி உத்திரத்துக்கு ஆறு நாள் இருந்தது.

"ஆழம் பாக்கறியா?" என்றான் அவள் புருஷன் திருஞானசம்பந்தம். தறிக் குழியில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வேலையைப் பாருங்க."

"கிணத்துல விழுந்தா கயிறு போட்டுத் தூக்கலாம். இதுல விழுந்தா ஊறுகாதான்."

மாமியார் காலத்து மண் சால் அது. நெஞ்சு உயரம். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டின் கூடத்தில், தறிக்கு எதிரே, நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

சம்பந்தத்தின் அக்கா பொன்னியம்மாள் மாகறலில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கொல்லையில் ஒரு புளியமரம். வருஷா வருஷம் சாமி கல்யாணம் பார்க்க உத்திரத்தன்று வண்டி கட்டிக்கொண்டு வருவாள். கூடவே ஒரு மூட்டை புளி வரும். வீடு தின்பது கால் மூட்டை. மாசி மாதத்தில் குழலி யாருக்கும் தெரியாமல் பின்கதவு வழியாக முக்கால் மூட்டையைக் கடத்தி, சீனிவாசன் மளிகைக் கடையில் கொடுத்துத் துவரம்பருப்பாக மாற்றிக்கொள்வாள். அதற்குமேல் எடுக்கத் துணிச்சல் வந்ததில்லை. மாமியார் காலத்திலிருந்து அடியில் கிடப்பது அப்படியே கிடந்தது.

சாலை நகர்த்தவும் முடியாது. பொன்னியம்மாளின் சட்டம் அது.

"அம்மா வெச்ச இடம். உள்ள சாமான் இருக்கிற சாலை அசைச்சா, லட்சுமியைப் பிடிச்சுத் தள்ற மாதிரி. காலியானா சொல்லு. அன்னிக்கு எங்க வேணா கொண்டு போய் வெச்சுக்கோ."

போன வருஷமும் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். காலியாகாது என்று அவளுக்குத் தெரியும்.

இதுவரை குழலி பொறுத்துக்கொண்டாள். இந்த வருஷம் முடியாது. நெசவாளர் சங்கத்தில் இரண்டாவது தறி கொடுக்கிறார்கள். அப்பன் வீட்டில் பத்து வயதில் தறி ஏறியவள் அவள். இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷமாக, புருஷன் சேலையின் நடுப்பகுதி நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருக்கிறாள். சொந்தமாக ஒரு தறி வேண்டும் என்று கேட்டபோது சம்பந்தம் சரி என்றான். சங்கத்து சூப்பர்வைசர் இளங்கோவன் டேப்போடு வந்து கூடத்தை அளந்தார். டேப் பாதியில் நின்றது.

"இது இன்னாம்மா?"

"புளி சார்."

"இவ்வளவுமா?"

"காலியாயிடும் சார்."

இளங்கோவன் சாலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உத்திரத்துக்கு மறுநாள் வருவேன். இங்க குழி தோண்டியிருந்தா தறி உங்களுக்கு. இல்லாட்டி லிஸ்டுல அடுத்த பேருக்குப் போயிடும். என் கையில ஒண்ணுமில்ல."

அதனால்தான் அவள் தோள் வரைக்கும் சாலுக்குள் இருந்தாள். குப்பையில் கொட்டுகிற பேச்சே இல்லை. சோற்றுப் பொருளைக் கொட்டுகிற கை அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

முதலில் சமைத்தாள்.

காலையில் புளிச்சோறு. மத்தியானம் வற்றல் குழம்பு. சாயங்காலம் புளி ரசம். நடுவில் புளித் தண்ணீரில் வெல்லம் போட்டுப் பானகம். முதல் நாள் சம்பந்தம் சப்புக்கொட்டினான்.

"அக்கா மரத்துப் புளி. கண்ணைக் கட்டிக்கினு வாயில வெச்சாலும் நான் சொல்லுவேன். இந்த ருசி வேற மரத்துக்கு வராது."

"வர வரக் கறுப்பா வருதே?"

"மரத்துக்கு வயசாவுது இல்ல?"

மூன்றாம் நாள் அவன் தறியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க?"

"பல்லு கூசுது. இழையைக் கடிக்க முடியல. தண்ணி குடிச்சாக்கூடக் கூசுது."

"கத்தரி இருக்குதே."

"கத்தரியைப் பாத்தாலே கூசுது."

அன்று சேலை அரை முழம்கூட ஏறவில்லை. சாலில் நாலு விரல்தான் இறங்கியிருந்தது. குழலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இப்படியே போனால் புளி தீர்வதற்குள் புருஷனுக்குப் பல் தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, கொடுத்தாள்.

எட்டு வீட்டுக்கு எட்டு பாத்திரம். கழுத்து வரை அமுக்கி நிரப்பி, அவளே கொண்டு போய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மணியம்மாளுக்குப் பெரிய அடுக்கு. எதிர்வீட்டுக் காந்தாவுக்குப் பித்தளைத் தவலை.

"இன்னா விசேஷம் குழலி?"

"சும்மாதான் அக்கா. மாகறல் புளி. வெச்சுக்குங்க."

சால் முக்காலுக்குக் கீழே போயிற்று. அன்று மத்தியானம் குழலி படுத்துத் தூங்கினாள். எழுந்தபோது வாசலில் மணியம்மாள் அடுக்கோடு நின்றாள். அடுக்கு போனதைவிடக் கனமாகத் தெரிந்தது.

"இன்னாக்கா இது?"

"புதுப் புளி. என் தம்பி சித்தூர்லேர்ந்து கொண்டாந்தான். நல்லாக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு வெச்சது."

"எனக்கு எதுக்கு அக்கா?"

"நல்லா இருக்குதே! பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவாங்களா? நான் என்ன அப்படி வளந்தவளா?"

பங்குனி மாதம். புதுப் புளி இறங்குகிற காலம். எல்லார் வீட்டிலும் அதுதான் கைக்கு முதலில் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் எட்டுப் பாத்திரமும் திரும்பி வந்தன. வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்புவது யாருக்கும் மரியாதையில்லை. காந்தா தவலைக்கு மேலே கோபுரம் கட்டியிருந்தாள்.

சால் பழைய அளவுக்கு மேல் இரண்டு விரல் ஏறியது.

சாயங்காலம் ரசத்தை வாயில் வைத்த சம்பந்தம் கையை உதறினான்.

"இது அக்கா மரத்துப் புளி இல்ல."

"நாக்கா அது, இன்னாவா?"

"இல்லன்னா இல்ல. சத்தியமா இல்ல."

மூன்றாவதாகக் கோயிலுக்குப் போனாள்.

தெருமுனையில் முருகன் கோயில். உத்திரத்துக்கு விளக்கு, குடம், தட்டு எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பார்கள். குருக்கள் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஒரு கூடை கொண்டு வாம்மா. நீயே மனசு வந்து கேட்டியே, நல்லா இருப்பே."

ஒரு கூடை போயிற்று. மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஏழு பேர். எல்லார் இடுப்பிலும் கூடை.

"இன்னா இது?"

"கோயிலுக்கு நீ புளி சேக்கறியாமே," என்றாள் காந்தா. "சொல்லவே இல்லியே. புண்ணியம் எல்லாம் நீ ஒருத்தியே மூட்டை கட்டலாம்னு பாத்தியா?"

"நேரா கோயில்ல கொடுக்கறதுதானே?"

"ஆரம்பிச்சவ நீ. உன் கையாலயே போவட்டும்."

சாமிக்கு என்று வந்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சாலில் போடவும் முடியாது. இரண்டு சாக்கில் கட்டி, சாலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சம்பந்தம் தறியிலிருந்து காலை நீட்டினான். சாக்கு இடித்தது.

"தறிக்கு இடம் பண்றேன்னே. இருக்கிற தறியும் வெளிய போயிடும் போல இருக்குது."

குழலி ஒரு சாக்கைத் தலையில் ஏற்றினாள். குருக்கள் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இவ்வளவு புளியில தேய்ச்சா விளக்கு மிஞ்சாதும்மா!"

அவள் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சுவாமியைப் பார்த்தபடி நின்றாள். குருக்கள் கையில் விபூதித் தட்டு இருந்தது. அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"சாமி, இதை முருகன் காலடியில வெச்சு, விபூதி போட்டுக் கொடுங்க."

"எதுக்கு?"

"பிரசாதம்."

குருக்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு தட்டு குலுங்கச் சிரித்தார்.

அன்று குழலி தெருவில் நடந்த நடையை உற்சவம் என்றே சொல்லலாம். இரண்டு சாக்கும் போயிற்று. சாலின் மேலாகக் கிடந்த எட்டு வீட்டுப் புளியையும் வழித்து எடுத்து, விபூதி வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மடியில் கொட்டினாள். மணியம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்ட கையோடு பழக்கதோஷத்தில் உள்ளே திரும்பினாள்.

"எங்கக்கா போறீங்க?"

"இரு, பதிலுக்கு ஏதாவது..."

"பிரசாதத்துக்குப் பதில் வெப்பாங்களா? நீங்க அப்படி வளந்தவங்களா?"

மணியம்மாள் நின்ற இடத்தில் நின்றாள். எட்டு வீட்டிலும் அப்படியே நின்றார்கள். ஒரு துணுக்குகூடத் திரும்பி வரவில்லை.

அந்த வெற்றியின் சூட்டில் சாலில் மிச்சமிருந்த மாகறல் புளியிலும் ஒரு கூடை அள்ளிக்கொண்டு போனாள். குருக்கள் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போதும்மா. முருகன் பாவம்."

இனி இருந்தது அந்தக் கறுப்பு மாகறல் புளி மட்டும். இரண்டு நாள் இருந்தது. ஒரே வழியும் இருந்தது.

மறுநாள் சம்பந்தம் சங்கத்துக்குப் போனதும் சாலைக் கவிழ்க்காத குறையாகச் சுரண்டினாள். மூன்று மூட்டை வந்தது. வாயைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. தறியடியில் கிடந்த அரக்குப் பட்டுக் கழிவு நூலை முறுக்கிக் கட்டினாள். அறுந்த இழைக்குப் போடுகிற முடிச்சு. அவள் அப்பன் சொல்லிக் கொடுத்தது. இழுக்க இழுக்க இறுகும். பிறகு ஒரு கைவண்டி பிடித்து, மேலே வைக்கோல் பரப்பி, பின்தெரு வழியாகச் சீனிவாசன் கடைக்குப் போனாள்.

"மூணா?" என்றார் சீனிவாசன். "ஒண்ணுகூட முழுசா வராதே எப்பவும்?"

"இந்த வருஷம் மூணு. பருப்பு அப்புறமா வாங்கிக்கறேன். முதல்ல இறக்குங்க."

"புதுப் புளி வந்து கொட்டிக் கிடக்குது. இந்தக் கறுப்பை எவன் வாங்குவான்?" சொல்லிக்கொண்டே ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார். "சரி, கெடக்கட்டும். இதுக்குன்னு ஒரு கிராக்கி இருக்குது. பேசிப் பாக்கறேன்."

"என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது."

"இத்தனை வருஷம் வந்திச்சா?"

வீட்டுக்கு வந்து சாலை ஏழு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். மர அகப்பை.

சம்பந்தம் வந்ததும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கம்மாவோடது. சாகிற வரைக்கும் தேடினாங்க. பக்கத்து வீட்டுமேல சந்தேகம்." பிறகு சாலுக்குள் எட்டிப் பார்த்தான். "முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"எப்படி?"

"உங்க பல்லைத் தொட்டுப் பாத்துக்குங்க."

உத்திரத்தன்று காலை எட்டு மணிக்கு மாகறல் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் கலியன் குதித்து இறங்கினான். பொன்னியம்மாள் புடவையை உதறிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால், சாக்குப்படுதாவுக்கு அடியில், ஒன்றல்ல, மூன்று மேடு.

"இந்த வருஷம் மரம் கொட்டோ கொட்டுன்னு கொட்டிடிச்சு குழலி!" என்றாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி. "மூணு மூட்டை!"

குழலி வண்டியின் பின்பக்கம் போய் வழிமறித்து நின்றாள்.

"இருக்கட்டும் அண்ணி. இறக்காத, கலியா. முதல்ல உள்ள வந்து சாலைப் பாருங்க."

பொன்னியம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். சாலின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தலையை உள்ளேயே விட்டாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"காலி."

"காலிதான் அண்ணி."

"சுத்தமா காலி." தலை வெளியே வந்தது. "எப்படிடி முடிச்சே?"

"சமைச்சுத்தான்."

பொன்னியம்மாள் தம்பியைப் பார்த்தாள். "உண்மையாடா?"

"பல்லைக் காட்டட்டுமா அக்கா?"

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்க," என்றாள் குழலி. "காலியானா எங்க வேணா வெச்சுக்கோன்னு."

பொன்னியம்மாள் சாலின் வயிற்றைத் தடவினாள். மணியம்மாளும் காந்தாவும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"சொன்னேன்," என்றாள் பொன்னியம்மாள். "சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கினு போ."

நாலு நெசவாளிகள் வந்தார்கள். சால் முப்பது வருஷத்துக்குப் பிறகு அசைந்தது. ஆடி ஆடி, கூடத்தைத் தாண்டி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தது. அது இருந்த இடத்தில் தரை வட்டமாக, புதுசாக இருந்தது. குழலி யாரையும் எதிர்பார்க்கவில்லை. கடப்பாரையை அவளே எடுத்தாள். முதல் குத்து அந்த வட்டத்தின் நட்ட நடுவில் விழுந்தது.

பொன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோல்வி தாங்கவில்லை போலும் என்று குழலி நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

"இனிமே மூட்டை வெக்க வீட்டுல இடம் இருக்காது இல்ல?" என்றாள் பொன்னியம்மாள் மெதுவாக.

"தறி வந்துட்டா எங்க அண்ணி இடம்? வருஷத்துக்கு ஒரு படி போதும்."

"ஒரு படி," என்றாள் பொன்னியம்மாள். அந்தச் சொல்லை வெல்லக்கட்டி மாதிரி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இளங்கோவன் வந்தார். டேப்பை நீட்டினார். இந்தத் தடவை அது சுவர் வரைக்கும் போயிற்று. குழிக்குள் இறங்கி ஆழம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தறி யார் பேருல?"

சம்பந்தம் வாயைத் திறந்தான். குழலி முந்திக்கொண்டாள்.

"ஏலவார்குழலி."

"ஏலவார்குழலி அம்மனுக்கு நேத்துதான் கல்யாணம் ஆச்சு. அதே பேருக்கு இன்னிக்குத் தறி," என்று சொல்லிக்கொண்டே இளங்கோவன் எழுதினார். குழலி அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

பொன்னியம்மாள் புறப்படத் தயாரானாள். கூடத்தில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். கொல்லையில் கலியன் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து முருங்கை மரத்தடியில் இறக்கினான். இருக்கட்டும், வெளியே எத்தனை இருந்தால் என்ன என்று குழலி தாராளமாக நினைத்துக்கொண்டாள். கொட்டுவதற்காக ஒரு மூட்டையின் வாயைப் பிடித்தாள்.

அரக்குப் பட்டு நூல். இழுத்தாள். இறுகியது.

அடுத்த மூட்டையைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

"கலியா, இது எந்த மரத்துப் புளி?"

கலியன் கூடத்தின் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. மரம் புயல்ல சாஞ்சு ஒம்போது வருஷமாவுது. அப்பலேர்ந்து வர்ற வழியில கடையில வாங்கித்தான் கொண்டாறோம். எங்க எசமானியம்மா கௌரவம் பாத்துக்கினு காஞ்சிபுரத்துல இருக்கிற கடையெல்லாம் ஏறி வாயில போட்டுப் பாத்தாங்க. சீனிவாசன் கடைப் புளிதான் அச்சு அசலா நம்ம மரத்துப் புளி மாதிரியே இருக்குதாம்."